பெட்டியோடு போக வந்தவர்

என் மேசை இழுப்பறையில் ஒரு அரக்குத் துண்டு கிடக்கிறது. நல்ல சிவப்பு. நடுவில் மெழுகுதிரிக்கு இருப்பதுபோல ஒரு வெள்ளைத் திரி. யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோர்களில் நான் கண்ட அரக்குக்குத் திரி கிடையாது; விளக்கில் காட்டி உருக்கித்தான் ஊற்றுவார்கள். இது ஜேர்மனியில், காகிதமும் பேனையும் விற்கிற கடையொன்றில், காதல் கடிதத்துக்கும் கலியாண அழைப்புக்கும் முத்திரை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்காக விற்கப்பட்டது. வாங்கியவர் என் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர். அவர் காதல் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. கலியாணம் பேசிய நாட்களில் அக்காவுக்கு எழுதிய முதல் கடிதத்தையே 'இத்தால் அறியத் தருவது யாதெனில்' என்று தொடங்கியவர் அவர். இந்த அரக்கை அவர் வாங்கியது ஒரு வாக்குப்பெட்டிக்கு முத்திரை வைப்பதற்காக. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் நகரத்தில் நடந்த வெளிநாட்டவர் சபைத் தேர்தலுக்கு.

அப்போது நாங்கள் டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்தில் இருந்தோம். பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். ஒன்றில் அக்கா, அத்தான், அவர்களின் இரண்டு பிள்ளைகள், பிறகு ஊரிலிருந்து வந்து சேர்ந்த தங்கை நான். நான் முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். அத்தான் பாண் சுடுகிற தொழிற்சாலையில் அந்த ரொட்டிகளைப் பைக்குள் போட்டுக் கட்டுகிற பிரிவில் இருந்தார். ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. பூட்டிய கதவை இன்னொருமுறை இழுத்துப் பார்ப்பார். தபாற்பெட்டியில் கடிதம் போட்டால், அது உள்ளே விழுந்ததா என்று குனிந்து பார்ப்பார். சந்தைக்குப் போகிற வழியில் என்னைத் தெருவில் நிறுத்திவிட்டு அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பிப் போவார். எனக்கு எரிச்சல் வரும். அக்கா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். அவளுக்குக் காரணம் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் தெரிந்த காரணம் எரிச்சலைக் குறைப்பதில்லை.

காரணம் ஒரு வாக்குப்பெட்டி. எண்பதுகளின் தொடக்கத்தில் ஊரில் மாவட்ட சபைக்குத் தேர்தல் வைத்தார்கள். மாவட்டத்துக்கென்று ஒரு சபை, அதற்கு நாங்களே ஆட்களை அனுப்பலாம் என்று கொஞ்சப் பேர் நம்பினார்கள், கொஞ்சப் பேர் நம்பவில்லை. கச்சேரிக் கிளாக்கர்களைத் தேர்தல் கடமைக்குப் போடுவது வழக்கம். அத்தான் எங்கள் ஊர்ப் பாடசாலையிலேயே வாக்களிப்பு நிலையத்துக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டார். காலையில் வெறும் பெட்டியைக் கவிழ்த்து எல்லோருக்கும் காட்டி, பூட்டி, நூல் சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். மாலையில் துவாரத்தையும் அடைத்து அதற்கும் முத்திரை வைத்தார். எங்கள் நாட்டில் வாக்களிப்பு நிலையத்தில் பெட்டியைத் திறப்பதில்லை. அது பத்திரமாக வேறோர் இடத்துக்குப் போய், அங்கேதான் எண்ணப்படும். பொறுப்பதிகாரி பெட்டியோடு கூடப் போக வேண்டும். அன்றைக்கு வந்த வண்டியில் அவருக்கு இடமில்லை என்றார்கள். அவர் நின்று பார்த்தார், கேட்டுப் பார்த்தார். பெட்டி மட்டும் போனது. அடுத்த நாள் எண்ணுகிற இடத்துக்குச் சைக்கிளில் போய்க் கேட்டபோது, பெட்டி வந்தது என்று ஒருவர் சொன்னார், வரவில்லை என்று இன்னொருவர் சொன்னார். முடிவு மட்டும் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெட்டிக்கு என்ன நடந்தது என்பது அவருக்கு ஒருநாளும் தெரியவரவில்லை.

பெட்டி போன துக்கம் ஒருபக்கம். ஊர்ச் சனத்தின் முகத்தைப் பார்ப்பது மறுபக்கம். எல்லோரும் அவருடைய கையிலிருந்துதான் சீட்டை வாங்கினார்கள், அவருக்கு முன்னால்தான் மடித்துப் போட்டார்கள். யாரும் அவரை நேரே குற்றம் சொல்லவில்லை. கோயிலடியில் நின்று கதைத்துக்கொண்டிருப்பவர்கள் அவரைக் கண்டதும் வேறு கதைக்கு மாறினார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் தேர்தல் என்ற பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுவார். இங்கே வந்த பிறகும் தொலைக்காட்சியில் ஜேர்மன்காரர்கள் வாக்களிப்பதைக் காட்டினால், யன்னலோரத்துக் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். அந்தக் குளிரில் அந்தச் செடி பிழைத்திருந்ததே பெரிய காரியம். அதைத் தண்ணீர் விட்டே கொல்லப்போவது ஜேர்மன் அரசியல்தான் என்று நான் அக்காவிடம் சொல்வேன்.

அவர் தப்பிப் போக முடியாத ஒருவர் இருந்தார். எங்கள் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தமிழ்ச் சாமான் கடை வைத்திருந்த முதலாளி. அவரும் எங்கள் ஊர்க்காரர். அந்தத் தேர்தலில் விடியவே குளித்து வெள்ளை வேட்டி கட்டி வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றவர் அவர். இத்தனை பெரிய ஐரோப்பாவில் இரண்டு பேரும் ஒரே நகரத்தில் வந்து விழுந்தது தலைவிதி என்பதைத் தவிர வேறென்ன சொல்வது. அரிசியும் கருவாடும் வேறெங்கும் கிடையாது, போகத்தான் வேண்டும். போனால் முதலாளி சாமானை நிறுத்துக்கொண்டே ஒரே பகிடியைச் சொல்வார்.

"கிளாக்கர், உங்கட பெட்டியிலை நான் போட்ட புள்ளடி ஒண்டு இன்னும் வந்து சேரேல்லை."

வாக்குச்சீட்டில் போடுகிற குறியைத்தான் எங்கள் பக்கம் புள்ளடி என்போம். கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அத்தானும் சிரிப்பார். வெளியே வந்ததும் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றித் தூக்குவார். முதலாளி அவரை உண்மையிலேயே சந்தேகப்பட்டாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இல்லை என்று அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அத்தானுக்கு அந்த ஒரு சொல்தான் வேண்டியிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் நகரசபையிலிருந்து அறிவிப்பு வந்தது. வெளிநாட்டவருக்கென்று ஒரு சபை தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். நகரத்தை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்களிப்பு நிலையம். விசா உள்ள வெளிநாட்டவர் எல்லோரும் வாக்களிக்கலாம். சபைக்கு அதிகாரம் பெரிதாக இல்லை, ஆலோசனை சொல்லலாம். துருக்கிக்காரரும் இத்தாலிக்காரரும் வேட்பாளர் பட்டியல் போட்டார்கள். எல்லோரும் கலந்த ஒரு பட்டியலில் எங்கள் ஆட்களில் ஒரு பெண்ணும் நின்றாள். வாக்களிப்பு நிலையங்களில் உதவிக்கு வெளிநாட்டவரே தேவை என்றும் கேட்டிருந்தார்கள். நான் பெயர் கொடுத்தேன். அன்றிரவுச் சாப்பாட்டில் அக்கா, கறியைக் கிண்டிக்கொண்டே, அத்தானின் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"நீங்களும் குடுங்கோவன். எத்தினை நாளைக்குச் செடிக்குத் தண்ணி விடப் போறியள்?"

இரண்டு நாள் கழித்து அத்தான், நகரசபைக்கு எந்த பஸ்ஸில் போவது என்று என்னிடம் கேட்டார். அந்த பஸ்ஸில் அவர் வருடக்கணக்காக விசாவுக்குப் போய் வந்தவர்.

நகரசபையில் எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் விளக்கம் சொன்னார்கள். சொன்ன பெண் வேகமாகப் பேசினாள். யாரைப் பதிவது, சீட்டை எப்படிக் கொடுப்பது என்றெல்லாம் நான் குறித்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் எண்ணுவதைப் பற்றியும் சொன்னாள். அத்தான் முன்வரிசையில் கை கட்டி உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்குகிறது என்றுதான் நினைத்தேன். தேர்தலைப் பற்றித் தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அரக்கு தேடப் புறப்பட்டார்.

தேர்தலுக்கு முதல்நாள், சனிக்கிழமை, அவரோடு கடைக்குப் போனேன். அவரே பேச்சை எடுத்தார். நாளைக்குத் தான் இந்த வட்டாரத்துப் பாடசாலையில் கடமையில் இருப்பதாகவும், முதலாளி வந்து வாக்களிக்க வேண்டும் என்றும் சொன்னார். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"முதல்லை போட்டது வரட்டும் கிளாக்கர். பிறகு மற்றதைப் பார்ப்பம்."

வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை.

"அண்டைக்கு என்னை வண்டியிலை ஏறவிடேல்லை, முதலாளி. இந்தமுறை நான் பெட்டியோடை போவன். அது எங்கை போகுதோ அங்கை. எண்ணி முடியுமட்டும் வீட்டை வரமாட்டன்."

அந்தக் கதையை அவர் வெளியாட்களுக்கு முன்னால் சொன்னது அதுவே முதல் தடவை. முதலாளி பருப்புப் பையின் வாயைச் சுற்றிக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"நீங்கள் பெட்டியோடை போறதெண்டால் வாறன். என்ரை சாமான் வானையும் கொண்டு வாறன். பின்னாலை வந்து பார்ப்பன்."

"வாங்கோ," என்றார் அத்தான்.

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு, பெட்டி எங்கேயும் போகாது என்பது தெரியும். விளக்கக் கூட்டத்தில் சொன்னார்கள்தானே. 'பெட்டியோடு போவேன்' என்பதை ஒரு பேச்சுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நான் கண்ணை எடுக்க மாட்டேன், காவல் இருப்பேன் என்கிற அர்த்தத்தில். ஞாயிறு காலை அவர் கையில் ஒரு பயணப்பையைக் கண்டபோதும் அக்கா கட்டித் தந்த சாப்பாடு என்றே நினைத்தேன்.

வாக்களிப்பு நிலையம் ஒரு ஆரம்பப் பாடசாலை வகுப்பறை. யன்னல் கண்ணாடிகளில் பிள்ளைகள் வெட்டி ஒட்டிய காகிதக் கோழிகள். பிள்ளைகள் உட்காரும் சின்னச் சின்னக் கதிரைகள். பின்சுவரில் கை கழுவ ஒரு தொட்டி. தலைவியாக நியமிக்கப்பட்டவர் நகரசபையில் பல வருடம் வேலை செய்த ஒரு ஜேர்மன் பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்; எதையும் வாசிக்க முன்னர் அதைத் துடைப்பார். எங்களோடு ஒரு துருக்கிக்காரர், நான், அத்தான். அத்தான் கலியாண வீட்டுக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தார். அறைக்குள் வந்ததும் அவர் முதலில் தேடியது பெட்டியைத்தான்.

மேசைக்குப் பக்கத்தில் சில்லு வைத்த ஒரு குப்பைத் தொட்டி நின்றது. எங்கள் வீட்டு வாசலில் செவ்வாய்க்கிழமைகளில் உருட்டி வைப்போமே, அதே தொட்டி. புத்தம் புதியது. மூடியில் நீளமாக ஒரு துவாரம் வெட்டி, பக்கத்தில் ஒரு பூட்டுப் போட வசதி செய்திருந்தார்கள். அதுதான் வாக்குப்பெட்டி. அத்தான் அதைச் சுற்றி வந்து பார்த்தார். என்னிடம் குனிந்து, "உதுக்குள்ளையோ போடுறது?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் முகத்தில் தெரிந்தது கோபம் இல்லை, உண்மையான வேதனை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. தலைவி மூடியைத் திறந்து உள்ளே ஒன்றுமில்லை என்று எங்களுக்குக் காட்டியபோது, அவர் தொட்டியைக் கவிழ்க்கச் சொல்லி, கவிழ்த்துத் தட்டியும் பார்த்தார். பூட்டுப் போட்டதும் கோட்டுப் பையிலிருந்து நூலையும் அரக்கையும் எடுத்தார். தலைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, யாருக்குப் பிறந்தநாள் என்று அன்பாகக் கேட்டார். அரக்கின் திரியைக் கண்டு மெழுகுதிரி என்று நினைத்துவிட்டார். நான் விளக்கினேன். பூட்டுப் போதும், வேறெதுவும் சட்டத்தில் இல்லை என்று அவர் சொன்னார். அத்தான் அரக்கை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று முழுவதும் அவர் தொட்டியின் பக்கத்திலேயே இருந்தார். வருகிறவர்கள் சீட்டை மடித்துப் போடும்போது துவாரத்தின் மேலிருந்த அட்டையை அவர்தான் எடுத்து எடுத்து மூடினார். சாப்பிடப் போகச் சொன்னால் போகவில்லை. அக்கா எல்லோருக்குமாக உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்து அனுப்பிய ரோல்ஸைத் தலைவியும் துருக்கிக்காரரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். அவர் தொட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் தின்றார். எங்கள் சனமும் வந்தது. கடையில் நடந்த கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. சிலர் சீட்டைப் போட்டுவிட்டு, பெட்டியை ஒருமுறை, அவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள். மன்னாரிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா மட்டும், "பத்திரம் தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே வெயிலும் மழையும் மாறி மாறி வந்தன. முதலாளி மட்டும் வரவில்லை. பின்னேரம் ஆக ஆக அத்தான் கதவைப் பார்க்கிற தடவைகள் கூடிக்கொண்டே போனதைக் கண்டேன். எனக்கு முதலாளி மேல் கோபம் கோபமாக வந்தது.

மூடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு பாடசாலை முற்றத்தில் ஒரு வான் வந்து நின்ற சத்தம் கேட்டது. முதலாளி உள்ளே வந்தார். கடையில் போடுகிற கம்பளிச் சட்டை இல்லை. வெள்ளைச் சேர்ட், நன்றாக வாரிய தலை. அத்தானைப் பார்த்து ஒரு தலையாட்டல். பாஸ்போர்ட்டைக் காட்டி, சீட்டை வாங்கி, மறைப்புக்குப் பின்னால் போய் நின்றார். ஒரு புள்ளடிக்கு எவ்வளவு நேரம் தேவையோ அதைவிட அதிகமாகவே நின்றார். வந்து தொட்டியைக் கண்டதும் அவர் கையும் தயங்கியது.

"இதென்ன கிளாக்கர், குப்பை வாளி?"

"புதுசு," என்றார் அத்தான். "காலமை கவிட்டுப் பார்த்தனான்."

முதலாளி போட்டார். அத்தான் அட்டையை மூடினார். முதலாளி வெளியே போகவில்லை. சுவரோரம் ஒரு சின்னக் கதிரையில், முழங்கால் நெஞ்சுக்கு வர, உட்கார்ந்துகொண்டார். பார்வையாளர் யாரும் இருக்கலாம் என்பதால் தலைவியும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு மணிக்குத் தலைவி வாக்களிப்பு முடிந்தது என்று அறிவித்தார். பிறகு திறப்பை எடுத்துக்கொண்டு தொட்டியிடம் வந்து பூட்டில் போட்டார். அத்தான் பாய்ந்து தொட்டியின் மூடிமேல் இரண்டு கையையும் விரித்துப் படுத்துவிட்டார்.

"இஞ்சை திறக்கக் கூடாது," என்றார் தமிழில். ஜேர்மன் மொழி முழுவதும் அந்த நேரம் அவரை விட்டுப் போயிருந்தது. "திறக்கக் கூடாது. ஏலாது. ஏலாது."

முதலாளியும் எழும்பிவிட்டார். "ஏன் திறக்கினம்? வான் வெளியிலை நிக்குது," என்றார் என்னிடம். தலைவி பயந்துபோய் ஓரடி பின்னால் வைத்தார். துருக்கிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் கடைசி ரோல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மூலையில் கிடந்த பயணப்பை, உள்ளே இருந்திருக்கக்கூடிய துவாயும் பல் தூரிகையும் சால்வையும். அவர் உண்மையாகவே பெட்டியோடு போகத்தான் வந்திருந்தார். அது எங்கே வைக்கப்படுமோ அங்கே அதன் பக்கத்தில் படுக்க. முதலாளி உண்மையாகவே பின்னால் வானில் வர வந்திருந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை என்பார்களே, அன்று நான் அப்படித்தான் நின்றேன்.

"அத்தான், பெட்டி எங்கையும் போகாது. இஞ்சை அப்பிடித்தான் முறை. இந்த மேசையிலையே கொட்டி, எங்களுக்கு முன்னாலையே எண்ணுவினம். முடிவை மட்டுந்தான் ரெலிபோனிலை சொல்லுறது."

"எங்கையும் போகாதோ?"

"போகாது."

"வண்டி வராதோ?"

"வராது அத்தான்."

தலைவியிடமும் சொன்னேன். ஊரில் இவர் முத்திரை வைத்த பெட்டி ஒன்று வழியில் காணாமல் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார். பிறகு திறப்பைப் பூட்டிலிருந்து எடுத்து அத்தானிடம் நீட்டினார். நீங்களே திறங்கள் என்றார். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு திறந்தார். தொட்டியைச் சரித்து மேசைமேல் கொட்டினோம்.

முதலில் எத்தனை சீட்டு என்று எண்ண வேண்டும். அது வந்து போனவர்களின் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணினோம். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினோம். ஒன்று குறைந்தது. யாரோ சீட்டைப் போடாமல் வீட்டுக்குக் கொண்டு போயிருப்பார்கள், அப்படி நடப்பதுண்டு, அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும் என்றார் தலைவி. அறிக்கை எழுதுவது என் வேலை. பேனையைக் கையில் எடுத்தேன். அத்தான் என்னைப் பார்த்தார்.

"எழுதாதையும்," என்றார். "ஒருத்தரும் கொண்டு போகேல்லை. போட்டதெல்லாத்தையும் நான் பார்த்தனான்."

சுவரோரத்தில் முதலாளி நின்றார். அவர் அந்தப் பகிடியைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொன்னால் அத்தான் அதற்குப் பிறகு தலை நிமிரவே மாட்டார். முதலாளி சொல்லவில்லை. தலைவியும் நேரத்தைப் பார்த்தார், பேனையைப் பார்த்தார், கடைசியில் சரி தேடுவோம் என்றார். மேசைக்குக் கீழே, மறைப்புக்குப் பின்னால், கோட்டுகளுக்கு நடுவில் எல்லாம் பார்த்தோம். அத்தான் தொட்டியிடம் போனார். உள்ளே பார்த்தார். வெளிச்சம் போதவில்லை. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, தலையும் தோளும் உள்ளே போக அதற்குள் குனிந்து கையால் சுவரெல்லாம் தடவினார். கலியாண வீட்டுச் சப்பாத்து நிலத்தை விட்டு எழும்பிவிட்டது. முதலாளி ஓடிப்போய் அவர் விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "கிடக்குது."

புதுப் பிளாஸ்டிக் சில வேளை காகிதத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு சீட்டு தொட்டியின் உட்சுவரில் அடிப்பக்கம் அப்பிக்கொண்டு நின்றுவிட்டது, சரித்துக் கொட்டியபோதும் விழவில்லை. அத்தான் அதை இரண்டு விரலால் பிடித்தபடி வெளியே வந்தார். தலைமயிர் எல்லாம் எழும்பி நின்றது. மடிப்பைப் பிரிக்காமல், மற்றச் சீட்டுகளின் மேல் கொண்டுவந்து வைத்தார். துருக்கிக்காரர் கைதட்டினார்.

"அது என்ரை," என்றார் முதலாளி.

நான் மொழிபெயர்த்தேன். தலைவி கண்டிப்பாகச் சொன்னார், அப்படிச் சொல்லக் கூடாது, எந்தச் சீட்டு யாருடையது என்று யாருக்கும் தெரிய முடியாது என்று. அதை முதலாளியிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் பிள்ளை," என்றார் அவர். அத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கிளாக்கர், வந்து சேர்ந்திட்டுது."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அத்தான் பின்சுவரில் இருந்த தொட்டிக்குப் போய், பிள்ளைகள் கை கழுவுகிற குழாயைத் திறந்து, முகத்தைக் கழுவிக் கழுவி நின்றார். வாளிக்குள்ளே தூசி என்றார். புத்தம் புதிய வாளி அது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நான் அறிக்கையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சீட்டுகளைப் பட்டியல் பட்டியலாகப் பிரித்து எண்ணினோம். பட்டியலில் நின்ற எங்கள் பெண் தெரிவாகவில்லை. அந்தச் சபை பிறகு எத்தனையோ ஆலோசனை சொல்லி, கடைசியில் ஒரு பஸ் தரிப்பிடத்துக்கு விளக்குப் போடுவித்தது. அந்த விளக்கு நன்றாகவே எரிந்தது.

முதலாளியின் வானில்தான் வீட்டுக்குப் போனோம். கருவாட்டு வாசனை. பயணப்பை அத்தானின் மடியில். கொஞ்சத் தூரம் போனதும், யாரிடம் என்று இல்லாமல் அவர் சொன்னார்.

"மற்றப் பெட்டி எங்கை கிடக்குதோ."

சிக்னலில் நின்று, பச்சை விழுந்து, வான் கிளம்பிய பிறகு முதலாளி சொன்னார்.

"அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது கிளாக்கர். எனக்கு அண்டைக்கே தெரியும்."

அந்தப் பகிடியை அவர் அதற்குப் பிறகு சொல்லவே இல்லை. அத்தான் கதவுகளை இழுத்துப் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு மாலையில் மனிதர் மாறிவிடுவதில்லை. ஆனால் தொலைக்காட்சியில் தேர்தல் வந்தால் எழும்பாமல் இருந்து பார்த்தார். அதற்குள் கறிவேப்பிலைச் செடி பட்டுப்போய்விட்டது.

இப்போது அத்தானும் இல்லை, முதலாளியும் இல்லை. அத்தானின் கோட்டை யாருக்கோ கொடுப்பதற்கு முன்னர் பைகளைத் தடவிப் பார்த்தபோது அக்காவுக்குக் கிடைத்தது இந்த அரக்கு. என்னிடம் தந்தாள். நான் பிரஜாவுரிமை எடுத்துப் பல காலம். மாநிலத் தேர்தலோ நகரசபைத் தேர்தலோ எது வந்தாலும் அதே பாடசாலையில், தலைவி இருந்த கதிரையில் நான் இருக்கிறேன். பெட்டி இன்றைக்கும் சில்லு வைத்த அதே மாதிரித் தொட்டிதான். போன தேர்தலில் எண்ணிக்கை முதல் தடவையிலேயே சரியாக வந்தது. உதவிக்கு வந்திருந்தவர்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு போகத் தயாரானார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் சனத்தின் பிள்ளை, இங்கேயே பிறந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். நான் கோட்டைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் குனிவதைக் கண்டு கேட்டாள்.

"அன்ரி, கணக்குச் சரிதானே. பிறகு என்ன தேடுறீங்கள்?"

ஒன்றுமில்லை என்றேன். அவள் வந்து, நான் விழாமல் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சுவரெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கோட்டுப் பையில் கொண்டு போயிருந்த அரக்கை எடுத்து மறுபடி இழுப்பறையில் வைத்தேன். அதன் திரியை இதுவரை யாரும் கொளுத்தியதில்லை.